சொல்தா மாமாவின் பாட்டில்

புதுச்சேரி, முத்தியால்பேட்டை. ஜூன் மாதத்து ஞாயிறு, மாலை நாலரை மணி. அத்தை சர்ச்சில் பூசைக்குப் போயிருக்கிறார், ஆறு மணிக்குள் வந்துவிடுவார். மாமா பிரெஞ்சு ராணுவத்தில் பதினைந்து வருடம் சமையல் பிரிவில் இருந்துவிட்டு ஊர் திரும்பியவர், சொல்தா மாமா (சொல்தா என்றால் பிரெஞ்சில் சிப்பாய்) என்று கேட்டால்தான் தெருவில் வீடு காட்டுவார்கள். சேகர் அவருடைய தங்கை மகன், சென்னையில் கம்ப்யூட்டர் வேலை. ஒரு கையில் பாட்டில், மறு கையில் பெட்டி.

சேகர்: மாமா, ஒரு நிமிடம் கண்ணை மூடுங்கள்.

மாமா: எழுபத்தோரு வயதுக்காரனிடம் சொல்கிற வார்த்தையாடா அது? என்ன என்று திறந்த கண்ணுக்கே காட்டு.

சேகர்: பிரான்சின் போர்தோ வைன். 6,800 ரூபாய். செவ்வாய்க்கிழமை எங்கள் மேனேஜர் வீட்டுக்கு வருகிறார். சாப்பாட்டுக்கு அப்புறம் இந்த வைனையும் சிகாரையும் சேர்த்துக் கொடுக்கலாம் என்று இருக்கிறேன். இந்த வைனுக்கு இந்த சிகார் என்று ஜோடி பார்த்துக் கொடுக்க வேண்டுமாம், வெளிநாட்டில் அதுதான் நாகரிகம்.

மாமா: எல்லையில் நிற்கிற முனீஸ்வரனுக்குப் படையலில் என்ன வைக்கிறார்கள்? சாராயமும் சுருட்டும். அவர் எந்த வெளிநாடு போய் ஜோடி பார்த்துவிட்டு வந்தார்? சரி, கொடு பாட்டிலை. எதை வைத்து இதுதான் நல்லது என்று முடிவு செய்தாய்?

சேகர்: முதலில் லேபிளில் கோட்டைப் படம் இருந்தது. அப்புறம் பாட்டில் கனம், தூக்கிப் பாருங்கள், ஆட்டுக்கல் குழவி மாதிரி இருக்கும். எல்லாவற்றுக்கும் மேலே அடியில் இருக்கிற குழி. குழி எவ்வளவு ஆழமோ அவ்வளவு உசத்தி என்று கடைக்காரர் சொன்னார். கட்டை விரலை விட்டுப் பார்த்தேன், முழுவதும் உள்ளே போனது.

மாமா: ஆக, மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்க்காமல் கழுத்து மணியை ஆட்டிப் பார்த்துப் பிடித்து வந்திருக்கிறாய்.

சேகர்: ஷாத்தோ என்று போட்டிருக்கிறதே மாமா? ஷாத்தோ என்றால் கோட்டைதானே?

மாமா: கல்யாண மண்டபத்துக்கு மஹால் என்று பெயர் வைக்கிறார்களே, உள்ளே எந்த ராஜா இருக்கிறார்? திராட்சைத் தோட்டம் ஒன்று இருந்தால் போதும், தகரக் கொட்டகையாக இருந்தாலும் ஷாத்தோதான். படத்தை விடு, கீழே கொசு எழுத்தில் என்ன இருக்கிறது, படி.

சேகர்: மிஸ் ஆன் பூத்தேய் பார்... அப்புறம் ஏதோ கம்பெனி பெயர், போர்தோ நகரத்து முகவரி.

மாமா: பாட்டிலில் அடைத்தவர் இன்னார் என்று அர்த்தம். தோட்டத்திலேயே அடைத்திருந்தால் ‘ஓ ஷாத்தோ’ என்றோ ‘ஓ தொமேன்’ என்றோ போட்டிருப்பான். ‘ஆ லா ப்ரோப்ரியேத்தே’ என்றும் போடுவார்கள், ஆனால் அதைக் கூட்டுறவுச் சங்கமும் போட்டுக்கொள்ளலாம் என்பதால் அது பாதி சாட்சிதான். உன்னுடையது இது எதுவும் இல்லை. தோட்டத்துக்கு வெளியே ஒரு வியாபாரி வாங்கி, அடைத்து, மேலே ஒரு கோட்டையை ஒட்டியிருக்கிறார்.

சேகர்: ‘வியேய் வீஞ்’ என்று தங்க எழுத்தில் போட்டிருக்கிறதே?

மாமா: வயதான கொடி என்று அர்த்தம். எத்தனை வயது ஆனால் கொடி கிழடு என்று பிரெஞ்சு சட்டத்தில் கணக்கே கிடையாது. மிக்சர் பாக்கெட்டில் பாட்டி கைப்பக்குவம் என்று போடுகிறார்கள், எந்தப் பாட்டி என்று நீ கேட்டாயா?

சேகர்: அப்படியானால் தோட்டக்காரனே செய்த வைனை எப்படித்தான் கண்டுபிடிப்பது?

மாமா: பிரான்சுக்குள் விற்கிற பாட்டிலாக இருந்தால் தலையைப் பார். பெரும்பாலும் மூடி மேல் காசு மாதிரி ஒரு முத்திரை இருக்கும், நடுவில் பிரெஞ்சுக் குடியரசின் சின்னமான மரியான் அம்மாள் தலை, வரி கட்டியதற்கு அடையாளம். அதில் ‘ஆர்’ என்ற எழுத்து இருந்தால் ரெகோல்த்தான், அதாவது திராட்சை பறித்தவனே செய்தது. ‘என்’ இருந்தால் வியாபாரி, வாங்கிக் கலந்து விற்கிறவன். ஷாம்பேனிலும் இதே கதைதான், லேபிள் ஓரத்தில் பொடி எழுத்தில் ‘ஆர்.எம்.’ என்று இருந்தால் விளைவித்தவன், ‘என்.எம்.’ என்றால் திராட்சையை வாங்கிச் செய்கிற கம்பெனி. எல்லா வியாபாரியும் மோசம் என்று சொல்ல மாட்டேன், நல்ல மூக்கு உள்ளவர்களும் இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் விளம்பரத்துக்கு நீ பணம் கட்டுகிறாய், விவசாயியிடம் வாங்கினால் அவன் டிராக்டருக்குக் கட்டுகிறாய்.

சேகர்: இதன் தலையில் ஒரு சிங்கம்தான் இருக்கிறது.

மாமா: ஏற்றுமதிக்கு வருவதில் அந்த முத்திரை இருக்காது. அப்போது பின் லேபிளில் இறக்குமதி செய்தவன் யார் என்று பார்த்து வைத்துக்கொள். ஒருவன் கொண்டுவந்ததில் இரண்டு பாட்டில் உனக்குப் பிடித்திருந்தால் மூன்றாவதை நம்பி வாங்கலாம். கடைக்காரரிடம் எந்த ஊர், யார் செய்தது என்று கேட்டுப் பார். உன் கடைக்காரர் என்ன சொன்னார்?

சேகர்: இம்போர்ட்டட் சார் என்றார்.

மாமா: அதற்கு மேல் அவரிடம் ஒன்றும் இல்லை. குழியைக் காட்டிவிட்டார். சரி, பெட்டியைத் திற.

சேகர்: இது சரியான சரக்கு மாமா. க்யூபாவின் கோஹிபா, இருபத்தைந்து சிகார், வெறும் 4,000 ரூபாய். கடற்கரையில் ஒருவர் கொடுத்தார், அவருடைய மச்சான் கப்பலில் வேலை செய்கிறாராம். பாருங்கள், கண்ணாடி மூடி போட்ட பெட்டி.

மாமா: கண்ணாடி மூடியா? மகனே, க்யூபாக்காரன் கோஹிபாவை ஜன்னல் வைத்த பெட்டியில் போடுவதே இல்லை. அசல் ஒரு சிகாரே உன் பெட்டி விலைக்குப் பக்கத்தில் வரும். ஒன்றைப் பிரித்துப் பார், உள்ளே நீள இலையாக இருக்க வேண்டும்.

சேகர்: (பிரித்துவிட்டு) தூளாகக் கொட்டுகிறது. நடுவில் ஒரு... நூல் மாதிரி இருக்கிறது மாமா.

மாமா: மச்சானின் லுங்கி. அதை அந்தப் பக்கம் வை, இதைப் பிடி.

சேகர்: இது நம்ம ஊர்ச் சுருட்டு.

மாமா: திண்டுக்கல். உறையூரிலும் சுருட்டுவார்கள். ஒரு காலத்தில் திருச்சிச் சுருட்டு என்று கேட்டு வாங்கிக் கப்பலில் சீமைக்கு அனுப்பினான் வெள்ளைக்காரன், வார்த்தையையும் கூடவே தூக்கிக்கொண்டு போய் ஷெரூட் என்று வைத்துக்கொண்டான். இரண்டு பக்கமும் திறந்திருக்கும், வெட்ட வேண்டியது இல்லை.

சேகர்: சிகார் வெட்டுவதற்கு 1,200 ரூபாயில் கட்டர் வாங்கியிருக்கிறேனே!

மாமா: அத்தையின் பாக்குவெட்டி வெட்டாததையா அது வெட்டிவிடப் போகிறது? வை, வை. முதலில் உன் போர்தோவைத் திற.

சேகர்: ஐயோ, இது மேனேஜருக்கு.

மாமா: மேனேஜர் முன்னால் அவமானப்படுவதைவிட மாமன் முன்னால் படுவது மேல். திற. (ஊற்றுகிறார்கள்) இப்போது ஒரு வாய் சுருட்டு, புகையை நெஞ்சுக்குள் இழுக்காதே, வாயோடு வைத்து விட்டுவிடு. நிமிடத்துக்கு ஒரு தரம் போதும்... இழுக்காதே என்றால் இழுக்கிறானே! குனி, குனி. முதுகைத் தட்டுகிறேன்.

சேகர்: (இருமி முடித்து) அம்மா... சரி. இப்போது வைன். ம். மாமா, நாக்கு சுருங்கிவிட்டது. நார் எடுக்காத வாழைப்பூவை மென்ற மாதிரி இருக்கிறது.

மாமா: துவர்ப்பு. சிவப்பு வைனில் திராட்சைத் தோலில் இருந்து வருவது. ஆட்டுக்கறி சாப்பிட்டால் கொழுப்பு அதைத் தணித்துவிடும், இதே வைன் நன்றாகத்தான் இருக்கும். சுருட்டில் கொழுப்பு ஏது? கசப்பின் மேல் துவர்ப்பு. போதாததற்கு இதைச் சூடாக வேறு குடிக்கிறாய். அறை வெப்பத்தில் குடி என்று எழுதியவன் கல் வீட்டில் பதினேழு டிகிரியில் உட்கார்ந்து எழுதினான், முத்தியால்பேட்டை முப்பத்தைந்தில் இல்லை. அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்தால் குற்றம் இல்லை. இரு, பீரோவைத் திறக்கிறேன்.

சேகர்: பீரோவிலா? வேட்டிக்குப் பின்னாலா?

மாமா: தலையைப் பார். என்ன எழுத்து?

சேகர்: மரியான் அம்மாள்... ஆர்! ஆர் மாமா!

மாமா: பன்யுல்ஸ். தெற்கு பிரான்சில் பெர்பிஞ்ஞான் நகரத்துக்குத் தெற்கே, ஸ்பெயின் எல்லையை ஒட்டி, மலை நேராகக் கடலில் இறங்குகிற இடம். பன்யுல்ஸ், கொலியூர், போர் வாந்த்ர், செர்பேர் என்று நாலே ஊர். பலகைப் பாறை உடைந்த மண், படிப்படியாகக் கல் அடுக்கிக் கட்டிய தோட்டம், இயந்திரம் ஏறாது, கையால்தான் பறிக்க வேண்டும். நான் பெர்பிஞ்ஞானில் இருந்தபோது லீவு நாளில் அங்கே போவோம். பெட்ரோல் பங்க் மாதிரி குழாய் வைத்திருப்பார்கள், கேன் கொண்டுபோனால் சாதா வைனை லிட்டர் கணக்கில் நிரப்பிக் கொடுப்பார்கள். ஒரு கிழவி, கை எல்லாம் ஊதாக் கறை, நான் கேன் நிரப்பிக்கொண்டு கிளம்பும்போது முசே, கொஞ்சம் இரு என்று மாடிக்குக் கூட்டிப் போனாள். அங்கே பார்த்தால், நம் வீட்டு மொட்டை மாடியில் எலுமிச்சை ஊறுகாய் ஜாடியைக் காய வைப்போமே, அதே மாதிரி பானை வயிற்றுக் கண்ணாடிக் குடுவையில் வைன், வெயிலில், வரிசையாக!

சேகர்: கெட்டுப்போகாதா?

மாமா: அதுதான் வித்தை. கிரெனாஷ் திராட்சை பாதி புளித்துக்கொண்டிருக்கும்போதே சுத்தமான சாராயத்தைக் கொஞ்சம் ஊற்றுவார்கள், ஈஸ்ட் செத்துவிடும், மீதிச் சர்க்கரை அப்படியே தங்கிவிடும். இனிப்பும் இருக்கும், பதினைந்து பதினாறு சதவீதம் போதையும் இருக்கும். வெயிலிலும் மழையிலும் வருடக் கணக்கில் கிடந்த பின் அதை வேறு எதுவும் கெடுக்க முடியாது. இந்த முறையை 1285 வாக்கில் ஆர்னோ த வில்நவ் என்ற டாக்டர் கண்டுபிடித்ததாகச் சொல்வார்கள். டாக்டர் என்ற சொல்லை நன்றாகக் கவனித்துக்கொள்.

சேகர்: உங்கள் டாக்டர் மாதம் ஒரு சுருட்டு என்றுதானே சொன்னார்?

மாமா: இது ஜூலை மாதத்தது. குடி.

சேகர்: (நீண்ட அமைதி) மாமா. காய்ந்த அத்திப்பழம், காபி, கருப்பட்டிப் பாகு... புகை இப்போது உறுத்தவே இல்லை. வெற்றிலை போட்டு முடித்தவுடன் ஒரு துண்டு வெல்லம் கிடைத்த மாதிரி இருக்கிறது. இது என்ன விலை, இருபதாயிரமா?

மாமா: போன வருடம் உன் அத்தான் பெட்டிக்குள் சட்டையில் சுற்றிக் கொண்டுவந்தான், பதினெட்டு யூரோ. இனிப்பு வைன் என்றால் கௌரவக் குறைச்சல் என்று இப்போது அங்கேயே ஆள் குறைந்துவிட்டது, நமக்கு லாபம். கிடைக்காவிட்டால் போர்ட் பார், போர்ச்சுகல்காரன் இதே முறையில் செய்கிற வைன். 1986 வரை போர்ட் ஏற்றுமதி செய்ய வேண்டும் என்றால் ஆற்று முகத்துவாரத்தில் இருக்கும் விலா நோவா த காயாவில் இருந்துதான் செய்ய வேண்டும், மேலே மலையில் விளைவிக்கிற சின்னத் தோட்டக்காரன் பெரிய கம்பெனிக்கு விற்றுவிட்டு வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டியதுதான். அப்புறம்தான் அவனே தன் பெயரில் அனுப்ப முடிந்தது. லேபிளில் கிந்தா, அதாவது தோட்டம், என்று போட்டு ஒரே ஒரு தோட்டத்தின் பெயர் இருந்தால் எடுத்துப் பார்.

சேகர்: ஆனால் மாமா, பாட்டில் கால்வாசிதான் இருக்கிறது. எப்போது திறந்தீர்கள்?

மாமா: ஈஸ்டருக்கு. நான் குடித்தது மூன்றே கிளாஸ். மீதி தேவதை பங்கு. பீப்பாயில் இருக்கும் வைன் வருடா வருடம் கொஞ்சம் ஆவியாகிவிடும், தேவதைகள் குடித்துவிட்டதாக பிரான்சில் சொல்வார்கள். உன் அத்தைக்கும் அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறேன், பக்தியான பொம்பிளை, நம்பிவிட்டாள்.

சேகர்: பீப்பாயில் சரி. பீரோவிலுமா?

மாமா: தேவதைக்கு பீரோ என்ன, பீப்பாய் என்ன. இன்னொரு கிளாஸ் ஊற்று.

சேகர்: (ஊற்றிவிட்டு) மாமா, லேபிள் பக்கவாட்டில் பென்சில் கோடு மாதிரி இருக்கிறது. ஒன்று, இரண்டு... ஏழு கோடு. பக்கத்தில் ஏதோ எழுதியிருக்கிறது. அத்தை கையெழுத்து.

மாமா: என்ன எழுத்து? படி.

சேகர்: ‘ஏப்ரல் 27, தேவதை.’ ‘மே 4, தேவதை.’ ‘மே 11, தேவதை, கூட எதிர் வீட்டுத் தேவதையும்.’ எல்லாம் ஞாயிற்றுக்கிழமை மாமா, பூசை நேரம். கடைசிக் கோட்டில் கொஞ்சம் பெரிதாக, ‘இதற்குக் கீழே கிறிஸ்துமஸ் கேக்குக்கு. தேவதை கை வைத்தால் வீட்டில் சோறு கிடையாது.’

மாமா: அந்தக் கோடு எங்கே இருக்கிறது, நாம் இப்போது எங்கே இருக்கிறோம்?

சேகர்: இரண்டு விரல் கீழே.

மாமா: ...அந்த போர்தோவை இப்படி நகர்த்து. கோடு வரைக்கும் ஊற்று.

சேகர்: மாமா! ஆர் பாட்டிலில் போய் இதைக் கலப்பதா?

மாமா: இன்று முதல் நான் ‘என்’. கேட் சத்தம் கேட்கிறது, ஊற்றுடா!