என் சொல்லை நீங்கள் முடிக்காதீர்கள்

எனக்குத் திக்குவாய். ஆறு வயதில் தொடங்கியது, ஐம்பதைத் தாண்டியும் கூடவே வருகிறது. 'ப' வரிசைச் சொற்கள்தான் எனக்குப் பெரும் பகை. என் பெயரே அந்த வரிசையில் அமைந்தது தனிக்கதை. இப்படிப்பட்டவனைப் பள்ளி மேடைகளில் பேச அழைப்பார்கள் என்று சிறு வயதில் யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். இப்போது அழைக்கிறார்கள். சகிப்புத்தன்மை வாரம், நல்லிணக்க நாள் என்று மேல்நிலை வகுப்பு மாணவர்கள் நிகழ்ச்சி நடத்தும்போது சிறப்பு விருந்தினராக ஓர் ஆள் வேண்டியிருக்கிறது. நானும் போய்க்கொண்டிருக்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பள்ளியிலிருந்து வந்த அழைப்பிதழில் 'மாணவர்களே முன்னின்று நடத்தும் நிகழ்ச்சி' என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள். மகிழ்ச்சியாகப் போனேன். ஒரு மாணவி வரவேற்புரை வாசித்தாள். தாள் பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தது. நல்ல குரல், தங்குதடையில்லாத வாசிப்பு. எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது. மூன்றாவது பத்தி முடிந்ததும் அதே குரலில், அதே ஏற்ற இறக்கத்தோடு, "இங்கே கைதட்டலுக்கு இடைவெளி விடவும்" என்று வாசித்தாள். அரங்கு சிரித்தது. அவள் முகம் சிவந்துபோனது. அந்தத் தாளை எழுதியவர் மேடையின் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தார். அவரைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை.

நான் பேசி முடித்ததும் கேள்வி நேரம். கேள்விகளும் முன்கூட்டியே சீட்டில் எழுதிக் கொடுக்கப்பட்டவைதான். 'உங்கள் வெற்றியின் ரகசியம் என்ன?' என்பது போல. என்ன வெற்றி என்று எனக்கே விளங்கவில்லை. அப்போது கடைசி வரிசையிலிருந்து சீட்டில்லாத ஒரு பையன் எழுந்தான். "சார், நீங்கள் ஒரு சொல்லில் சிக்கி நிற்கும்போது நாங்கள் என்ன செய்ய வேண்டும்? அந்தச் சொல்லை எடுத்துக் கொடுக்கலாமா, காத்திருக்க வேண்டுமா?"

இத்தனை ஆண்டுகளில் என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளில் அதற்கு இணையானது இன்னொன்றில்லை. 'பொறுமையாகக் காத்திருங்கள்' என்று சொல்ல வாயெடுத்தேன். 'பொ... பொ...' என்று நின்றது. பக்கத்திலிருந்த தலைமையாசிரியர் நல்ல மனிதர், இளகிய மனம். என் அவஸ்தை பொறுக்காமல் மைக்கைத் தன் பக்கம் இழுத்து, "பயப்படாமல் பேசுங்கள் என்கிறார் சார்!" என்று முடித்து வைத்தார். அரங்கு கைதட்டியது. அடுத்தது நன்றியுரை. அந்தப் பையன் உட்கார்ந்துவிட்டான். அவனுக்கு இன்றுவரை தவறான பதில்தான் கிடைத்திருக்கிறது.

மாணவர்கள் முன்னின்று நடத்துகிறார்கள் என்று நாம் பெருமையாகச் சொல்லும் நிகழ்ச்சிகளில் பெரும்பாலும் இதுதான் நடக்கிறது. பிள்ளைகள் வாய் திறக்கிறார்கள், நாம் முடித்து வைக்கிறோம். அதுவும் தவறாக. பேச்சாளரை நாம் தேர்ந்தெடுத்து, தலைப்பை நாம் கொடுத்து, உரையை நாம் எழுதி, பிள்ளைகளை நாற்காலி அடுக்கவிட்டால் அது தலைமைப் பயிற்சியாகிவிடாது.

பிறகு இன்னொரு பள்ளி. இந்த முறை அழைப்பிதழ் வரவில்லை, தொலைபேசி வந்தது. பேசியது பதினாறு வயதுப் பெண். முதல் கேள்வியே, "உங்களுக்குத் தொலைபேசியில் பேசுவது சிரமமா? எழுதி அனுப்பட்டுமா?" என்பதுதான். திக்குவாய்க்காரர்களுக்குத் தொலைபேசி எப்படிப்பட்ட எதிரி என்று எங்கோ படித்திருக்கிறாள். அடுத்து நிபந்தனைகள். இருபது நிமிடம் நான் பேசலாம். நாற்பது நிமிடம் அவர்கள் கேட்பார்கள். அறிவுரை வேண்டாம். எந்தக் கேள்வியையும் முன்கூட்டிக் காட்டமாட்டார்கள், ஆனால் பிடிக்காத கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருக்க எனக்கு உரிமை உண்டு.

"ஏன் திக்குவாயைத் தலைப்பாக எடுத்தீர்கள்?" என்று கேட்டேன். அவள் கணக்குச் சொன்னாள். பெரியவர்களில் ஏறக்குறைய நூற்றில் ஒருவருக்குத் திக்குவாய் உண்டு என்று படித்தார்களாம். சிறு பிள்ளைகளில் நூற்றில் ஐந்து பேர் ஏதோ ஒரு கட்டத்தில் திக்குகிறார்கள், பலருக்குத் தானாகவே சரியாகிவிடுகிறது. "எங்கள் பள்ளியில் 900 பேர். ஒன்பது பேராவது இருக்க வேண்டும். எங்களுக்கு இரண்டு பேரைத்தான் தெரியும். மீதி ஏழு பேர் வாயே திறப்பதில்லையா?"

எனக்குப் பேச்சு நின்றுபோனது. இந்த முறை திக்குவாய் காரணமில்லை. ஆண்டுதோறும் அக்டோபர் 22 உலகத் திக்குவாய் விழிப்புணர்வு நாளாக அனுசரிக்கப்படுகிறது. அந்த நாளுக்காக எத்தனையோ பெரியவர்களின் உரைகளைக் கேட்டிருக்கிறேன். ஒருவரும் தம் எதிரில் உட்கார்ந்திருப்பவர்களை எண்ணிப் பார்த்துப் பேசியதில்லை.

அந்தப் பள்ளியில் 'சகிப்புத்தன்மை' என்ற சொல்லையே அவர்கள் விளம்பரப் பலகையிலிருந்து அடித்துவிட்டார்கள். தலைவலியைச் சகித்துக்கொள்கிறோம், இரைச்சலைச் சகித்துக்கொள்கிறோம், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனையும் அப்படித்தானா என்று குழுவில் ஒருவன் கேட்டானாம். அதன்மேல் இரண்டு நாள் சண்டை. சொல் சரிதான், சகிப்பு என்ற குறைந்தபட்சமாவது இருக்கட்டும் என்று ஒரு கட்சி. யுனெஸ்கோ 1995 நவம்பர் 16-இல் வெளியிட்ட கொள்கை அறிக்கையை அதற்குள் யாரோ தேடி எடுத்துவிட்டார்கள். சகிப்பு என்றால் மதித்தல், ஏற்றல், பன்மையைப் போற்றுதல் என்றும், அது விட்டுக்கொடுப்போ மேலிருந்து காட்டும் பெருந்தன்மையோ அல்ல என்றும் முதல் பிரிவிலேயே சொல்கிற அறிக்கை. அந்த நாள்தான் இன்று உலகச் சகிப்புத்தன்மை நாள். கடைசியில் பலகையில் தலைப்பே இல்லாமல் 'வாருங்கள், கேளுங்கள்' என்று மட்டும் எழுதினார்கள். நிகழ்ச்சியைவிட அந்த இரண்டு நாள் சண்டைதான் பெரிய பாடம் என்று நினைக்கிறேன். ஆசிரியரே தலைப்பு எழுதிக் கொடுத்திருந்தால் அது நடந்திருக்காது.

இந்தக் குழுவில் யார் யார் இருந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். முதல் மதிப்பெண் வாங்குபவர்கள் இரண்டு பேர்தான். மற்றவர்களில் ஒருவன் வகுப்பில் எல்லோரையும் சிரிக்கவைப்பவன், அதற்காகவே அடிக்கடி வெளியே நிறுத்தப்படுபவன். ஒருத்தி யாருக்கும் அடங்காதவள் என்று பெயர் எடுத்தவள். நாம் வழக்கமாக எப்படித் தேர்ந்தெடுக்கிறோம்? சொன்னதைச் செய்கிற பிள்ளையைப் பார்த்து 'தலைவர்' என்று முத்திரை குத்திவிடுகிறோம். சொன்னதைச் செய்பவர் எப்படித் தலைவர் ஆவார் என்று நமக்குத் தோன்றுவதே இல்லை.

அமெரிக்காவில் இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். எலிசபெத் பாலக் என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும் 2012-13 கல்வியாண்டில் நியூஜெர்சி மாநிலத்தின் 56 நடுநிலைப் பள்ளிகளில் ஓர் ஆய்வு நடத்தினார்கள். நீ யாரோடு நேரம் செலவிடுகிறாய் என்று ஒவ்வொரு மாணவரிடமும் கேட்டு, யாருக்கு யார் நெருக்கம் என்று பள்ளி முழுவதற்கும் ஒரு வலை வரைந்தார்கள். பாதிப் பள்ளிகளில் சிறு மாணவர் குழுக்களை அமைத்து, உங்கள் பள்ளியில் என்ன சச்சரவு என்று நீங்களே கண்டுபிடியுங்கள், நீங்களே ஏதாவது செய்யுங்கள் என்று விட்டார்கள். பிள்ளைகள் சுவரொட்டி எழுதினார்கள், இணையத்தில் பதிவிட்டார்கள், நல்லது செய்தவர்களைக் கண்டால் கையில் ஆரஞ்சு நிறப் பட்டை மாட்டிவிட்டார்கள். ஆண்டு முடிவில் அந்தப் பள்ளிகளில் மாணவர் மோதல் தொடர்பான ஒழுங்கு நடவடிக்கைப் பதிவுகள், குழு அமைக்காத பள்ளிகளோடு ஒப்பிட்டால், சுமார் 30 சதவீதம் குறைவாக இருந்தன. 2016-இல் வெளியான முடிவுகளில் என்னைப் பிடித்து நிறுத்திய செய்தி வேறு. குழுவில் வலையின் நடுவே இருப்பவர்கள், அதாவது மற்றப் பிள்ளைகள் கண் வைத்துப் பார்க்கிறவர்கள், எவ்வளவு அதிகமோ, அவ்வளவுக்குப் பலனும் அதிகம். ஆசிரியர் அறையில் உட்கார்ந்து பட்டியல் போட்டால் அந்தப் பெயர்கள் எல்லாம் வந்திருக்குமா? எனக்குச் சந்தேகம்தான்.

இப்படிப்பட்ட மாணவர் குழுக்கள் செய்யும் சமூக சேவைக்கு வருகிறேன். இங்கே எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் மேல்நிலைப் பள்ளியை முடிக்க 40 மணி நேரச் சமூகப் பணி கட்டாயம். அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் 75 மணி நேரம். நோக்கம் நல்லதுதான். ஆனால் மணிக்கணக்கு வந்துவிட்டால் கையெழுத்து வேட்டையும் பின்னாலேயே வரும். துடைப்பத்தோடு ஒரு படம், மரக்கன்றோடு ஒரு படம், முடிந்தது. மரக்கன்றுக்கு மறுநாள் யார் தண்ணீர் ஊற்றினார்கள் என்று அந்தப் படத்தில் தெரியாது.

நான் சொன்ன குழு முதியோர் இல்லம் ஒன்றுக்குப் போகத் திட்டமிட்டது. பாட்டு, நடனம், பரிசுப் பொட்டலம் என்று வழக்கமான ஏற்பாடு. அந்தச் சிரிக்கவைக்கும் பையன்தான், போவதற்கு முன் அவர்களிடமே ஒரு வார்த்தை கேட்டால் என்ன என்று இரண்டு பேரோடு போய்க் கேட்டிருக்கிறான். ஒரு மூதாட்டி சொன்னாராம்: "பாட்டு மட்டும் வேண்டாம் தம்பி. வருகிறவர்கள் எல்லாம் பாடிவிட்டுத்தான் போகிறார்கள். நாங்களும் தலையாட்டித் தலையாட்டிக் கழுத்து வலிக்கிறது." வேறு என்ன வேண்டும் என்று கேட்டதற்குத் தன் செல்பேசியை நீட்டியிருக்கிறார். எழுத்து எறும்பு அளவில் இருந்தது. பேரன் அனுப்பும் செய்திகளை நான்கு மாதமாக அவரால் படிக்க முடியவில்லை. பையன் எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுத்தான். அரை நிமிட வேலை. அந்தக் கூடத்திலிருந்த பதினோரு பேரும் செல்பேசியை எடுத்துக்கொண்டு வரிசையில் வந்துவிட்டார்கள். அதன்பிறகு நடனம் ரத்து. மாதம் இரண்டு சனிக்கிழமை போய்ச் செல்பேசிச் சிக்கல், மனு நிரப்புதல், ஊசியில் நூல் கோத்தல் என்று இருப்பதைச் செய்கிறார்கள். படம் எடுக்க அதில் ஒன்றுமே இல்லை.

சேவை வேறு, நல்லிணக்கம் வேறு என்று இரண்டு அட்டவணை போடுவதும் எனக்கு ஒப்பவில்லை. 1954-இல் அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் முசாஃபர் ஷெரீஃப் என்ற உளவியலாளர் நடத்திய கோடை முகாம் ஆய்வு இங்கே நினைவுக்கு வருகிறது. பதினோரு வயதையொட்டிய 22 சிறுவர்கள், இரண்டு அணிகள். அணிகளுக்கிடையே போட்டி வைத்துப் பகையை மூட்டியதே ஆய்வாளர்கள்தான். அந்த வகையில் அது எனக்குப் பிடித்த ஆய்வு இல்லை. ஆனால் பகையைத் தணிக்க முயன்றபோது தெரிந்தது முக்கியம். இரண்டு அணிகளையும் ஒரே அறையில் உட்காரவைத்தால் ஒருவர்மேல் ஒருவர் சாப்பாட்டை எறிந்தார்கள். தண்ணீர் வரத்து நின்றபோதும், வண்டி கிளம்பாமல் நின்றபோதும் ஒன்றாக வேலை செய்தார்கள். கயிறு இழுக்கும் போட்டிக்குப் பயன்படுத்திய அதே கயிற்றைக் கட்டித்தான் வண்டியை எல்லோரும் சேர்ந்து இழுத்தார்கள். இதை வைத்து, பேசாத இரண்டு கும்பல்களை ஒரே அரங்கில் உட்காரவைத்து ஒற்றுமை பற்றி உரை கேட்கச் செய்வதில் என்ன கிடைக்கும் என்று ஊகிக்கலாம். என் உரை உட்பட.

விருந்தினர் உரை என்ற வடிவமே மாறலாம். 2000-ஆம் ஆண்டு டென்மார்க் தலைநகர் கோபன்ஹேகனைச் சேர்ந்த சில இளைஞர்கள் அந்நாட்டின் ரொஸ்கில்ட இசை விழாவில் 'மனித நூலகம்' என்று ஒன்றைத் தொடங்கினார்கள். புத்தகத்துக்குப் பதிலாக ஒரு மனிதரை அரை மணி நேரம் 'இரவல்' வாங்கி, எதிரில் உட்கார்ந்து எதையும் கேட்கலாம். மேடை இல்லை, மைக் இல்லை. திக்குவாய்க்காரனுக்கு இதைவிட வசதி வேறென்ன?

பெரியவர்கள் முற்றாக ஒதுங்கிவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. என்னைத் தொலைபேசியில் அழைத்த பள்ளியின் கேள்வி நேரத்தில் ஒரு மாணவன் எழுந்து, தன்னை யார் எப்படிக் கேலி செய்கிறார்கள் என்று பெயர் சொல்லத் தொடங்கிவிட்டான். குரல் உடைந்தது. குழுப் பிள்ளைகள் திகைத்து நின்றார்கள். பின்னால் உட்கார்ந்திருந்த ஆலோசகர் ஓசையில்லாமல் வந்து அவனை வெளியே அழைத்துப் போனார், அன்று மாலையே பெற்றோரிடமும் பேசினார். அது பதினாறு வயதுப் பிள்ளையின் தோளில் வைக்கக்கூடிய சுமை இல்லை. வருகிற விருந்தினர் எப்படிப்பட்டவர் என்று விசாரிப்பதும் பெரியவர்கள் வேலைதான். 'நீதான் அந்தச் சமூகத்துப் பிள்ளை, உன் கதையை மேடையில் சொல்' என்று ஒரு பிள்ளையை உந்துவதைத் தடுப்பதும் அப்படியே. சகிப்புத்தன்மை என்ற பெயரில் நடக்கும் கொடுமைகளில் அது ஒன்று.

மற்றபடி, தவறு செய்யட்டும். இந்தக் குழு முதல் முறை அழைத்த விருந்தினர் ஒன்றரை மணி நேரம் தன் பெருமையையே பேசித் தீர்த்தாராம். யாருக்கும் நிறுத்தத் துணிவில்லை. அதன் விளைவுதான் எனக்கு விதித்த இருபது நிமிடம். நான் பேசும்போது முதல் வரிசையில் ஒருத்தி '5', '2', '0' என்று எழுதிய அட்டைகளோடு உட்கார்ந்திருந்தாள். '2' என்ற அட்டை உயர்ந்தபோது நான் ஒரு 'ப'வில் மாட்டிக்கொண்டேன். அரை நிமிடமாவது ஆகியிருக்கும். யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை. யாரும் தலையைக் குனிந்துகொள்ளவுமில்லை. சொல் வெளியே வந்ததும் அவள் '2' அட்டையைக் கீழே வைத்துவிட்டு, சற்று யோசித்து, '5'-ஐ மறுபடி எடுத்தாள்.

போன வாரம் அந்தக் குழுவிலிருந்து ஒரு மின்னஞ்சல். பழைய குழு படிப்பு முடித்துப் போய்விட்டது, இது புதிய குழு. இந்த ஆண்டு என்னை அழைக்கவில்லை என்றும், ஒருவரையே திரும்பத் திரும்ப அழைக்கக் கூடாது என்று விதி வைத்திருப்பதாகவும் எழுதியிருந்தார்கள். பார்வையாளராக வர விருப்பமிருந்தால் பின்வரிசையில் இடம் உண்டாம். கேள்வி கேட்க ஒருவருக்கு ஒரு நிமிடம்தான். அடைப்புக்குறிக்குள், 'உங்களுக்கு மட்டும் கடிகாரம் பார்க்கமாட்டோம்' என்று சேர்த்திருந்தார்கள்.

வருகிறேன் என்று பதில் எழுதிவிட்டேன். என்ன கேட்கலாம் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன், 'ப' இல்லாத கேள்வியாக.