நரியைச் சுட்டேன், ஆமா. அதுக்காக நான் கொலைகாரனா?

சனிக்கிழமையிலிருந்து இன்பாக்ஸ திறக்கவே மனசு வரல. சுட்ட நரியோட நான் போட்ட அந்த போட்டோ, அதுக்கு கீழ வந்த கமெண்ட்டுங்க, அப்புறம் அதையே ஸ்கிரீன்ஷாட் எடுத்து இன்னொரு குரூப்ல "துப்பாக்கி வெறியன்"னு போட்டது எல்லாம் உங்களுக்கே தெரியும். போட்டவர் எங்க வீட்டுல உக்காந்து சாப்பிட்டவர். ஒரு போன் போட்டு "என்னப்பா இது"ன்னு கேட்டிருக்கலாம். கேக்கல.

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். ஆஸ்திரேலியாவுல இருக்கிற நரி இந்த மண்ணோடது இல்ல. 1800கள்ல இங்க குடியேறின ஆங்கிலேயப் பணக்காரங்க குதிரை ஏறி வேட்டையாடி விளையாட இங்கிலாந்துலேர்ந்து கொண்டாந்து நான் இருக்கிற இதே விக்டோரியா மாநிலத்துல விட்ட செந்நரி. 1859ல தாமஸ் ஆஸ்டின்னு ஒருத்தர் வின்செல்சியில முயலை அவுத்து விட்டார், அது பெருகப் பெருக நரிக்கும் சாப்பாடு ஆச்சு, ரெண்டும் சேர்ந்து நாட்டுல பெரும்பாலான இடத்துக்கு பரவிடுச்சு. நம்ம ஊர் நரி வேற. அது அந்த மண்ணோட பிராணி, சட்டப்படி பாதுகாக்கப்பட்டது, வாழப்பாடி பக்கம் பொங்கலுக்கு வங்காநரி புடிக்கிறவங்க மேல வனத்துறை கேஸ் போடறது சரின்னு நான் இதே பக்கத்துல எழுதியிருக்கேன். அங்க அதைக் காப்பாத்தணும், இங்க இதைக் குறைக்கணும். ரெண்டையும் ஒரே வாயால சொல்ல எனக்கு ஒரு கூச்சமும் இல்ல.

நான் இருக்கிறது ஹாமில்டன் பக்கம். செம்மறி ஊர். இங்க ஊர் குப்பைமேட்டுல, தூக்கிப்போட்ட பழைய கார்களுக்கு அடியில ஒளிஞ்சு வாழ்ந்த பாண்டிகூட் (எலி மாதிரி இருக்கிற, வயித்துப் பையில குட்டி வளர்க்கிற சின்ன பிராணி) கூட்டம்தான், முதுகுல பட்டை போட்ட அந்த வகையில ஆஸ்திரேலியப் பெருநிலத்துல காட்டு வாழ்க்கையில மிச்சமிருந்த கடைசி கூட்டம். (அந்த பேரே நம்ம பக்கத்துலேர்ந்து போனது, தெலுங்குல பெருச்சாளிக்கு பந்திகொக்குன்னு சொல்வாங்க.) நரிக்கும் பூனைக்கும் இரையாகி அதுவும் போச்சு. புடிச்சு வச்சு வளர்த்ததாலதான் இனம் தப்பிச்சுது. வேலி போட்ட இடத்துலயும், பிலிப் தீவு, பிரெஞ்சு தீவு மாதிரி நரியே இல்லாத இடத்துலயும் கொண்டுபோய் விட்டதுக்கு அப்புறம்தான் 2021ல "காட்டில் அற்றுப்போனது" பட்டியல்லேர்ந்து எடுத்தாங்க. பிலிப் தீவுல நரியை ஒழிச்சிட்டோம்னு 2017ல அறிவிக்க எத்தனை வருஷம் ராத்திரி முழிச்சிருப்பாங்க? டூர் போய் அங்க பென்குயின் பாத்துட்டு வந்து ஸ்டேட்டஸ் போட்டவங்கதான் என்னை திட்டறாங்க. அந்த பென்குயின் உயிரோட இருக்கறதே யாரோ நரியை கொன்னதாலதான்.

"நாய் வச்சு காவல் காக்கலாமே, வார்னம்பூல் பக்கம் மிடில் தீவுல மரெம்மா நாய் பென்குயினை காப்பாத்துச்சே"ன்னு ஒருத்தர். நல்ல விஷயம்தான். அது கையளவு தீவு, இங்க ஏக்கர் கணக்குல பரந்த பண்ணை. இன்னொருத்தர், "ஒண்ண சுட்டா அந்த இடத்துக்கு பக்கத்து நரி வரும், சுட்டு ஒண்ணும் குறையாது"ன்னார். வந்ததுலயே உருப்படியான கேள்வி இதுதான், உண்மையும்தான், துப்பாக்கி மட்டும் வச்சு நரியை ஒழிக்க முடியாது. ஆனா ஆடு குட்டி போடற அந்த ஆறேழு வாரம் அந்த மேய்ச்சல்ல நரி நடமாட்டம் கொறைஞ்சா போதும், குட்டி கால் ஊணி ஓட ஆரம்பிச்சிரும். விஷம் வச்சா தெரியாம வேற பிராணியும் சாகும், பண்ணை நாய் சாகும். அதுக்கு இது மேல்னுதான் நான் நினைக்கறேன். "லைசென்ஸ் இருந்தா யாரை வேணா சுடுவியா"ன்னு கேட்டவருக்கு பதிலே கிடையாது.

ஜாலிக்கு போறோம்னு நினைக்கறவங்களுக்கு சொல்றேன். ஜூலை மாசம், ராத்திரி பதினோரு மணி, யூட் வண்டி (பின்பக்கம் திறந்த சின்ன டிரக்) பின்னாடி நின்னா காது மடல் மரத்துப்போகும். பெரியவர் (எங்க வீட்ல அவரை அப்படித்தான் சொல்லுவோம், எழுபது தாண்டின இந்த ஊர் வெள்ளைக்காரர்) ரெண்டா மடிச்சு ஓட்டை போட்ட ஒரு தகர விசிலை பல்லுக்கும் உதட்டுக்கும் நடுவுல வச்சு இழுத்து ஊதுவார், அடிபட்ட முயல் கத்தற மாதிரியே இருக்கும். நான் ஸ்பாட்லைட்டை மெதுவா சுத்துவேன். ஆட்டுக் கண்ணு பச்சையா கூட்டமா மின்னும். நரிக்கண்ணு தனியா வரும், நிக்கும், அணையும், வேற இடத்துல எரியும். கண்ணை மட்டும் பாத்து சுடவே கூடாது, முழு உடம்பும் ஸ்கோப்புல தெரியணும், பின்னாடி மண்மேடு இருக்கணும். ஒருதடவை எல்லாம் சரியா இருக்குன்னு நினைச்சு விரல் வைக்கப்போனேன், பெரியவர் என் தோளை அமுக்கினார். பக்கத்து பண்ணை கெல்பி நாய். அன்னைக்கு துப்பாக்கியை பெட்டியில வச்சு பூட்டிட்டு வீட்டுக்கு வந்தும் எனக்கு கை நடுக்கம் நிக்கல. வெறி புடிச்சவன் கை நடுங்குமா?

எங்க தாத்தா மானாமதுரை பக்கம் கிடை போட்டவர். வயக்காட்டுல கயித்துக் கட்டில்ல கம்போட படுத்து, நரி ஊளை கேட்டா எந்திரிச்சு சத்தம் குடுப்பார். குட்டி தூக்கிட்டுப் போன அன்னைக்கு ஆத்தா சோறு திங்காது. அதை பாத்து வளந்தவன் நான். இங்க வந்த முதல் குளிர்காலத்துல ஒரு விடியக்காலை பெரியவர் கூட மேய்ச்சலுக்குள்ள நடந்தேன். பொறந்து ஒருநாள் கூட ஆகாத குட்டி, நாக்கையும் வாலையும் காணோம், இன்னும் மூச்சு இருந்துச்சு. தாய் ஆடு அதை நக்கி நக்கி, காலால தட்டித் தட்டி எழுப்பிக்கிட்டே இருந்துச்சு. நான் ஆட்டுக்காரன் பேரன், என்னால பாக்க முடியல.

ஞாயித்துக்கிழமை மட்டன் பிரியாணி சாப்பிடறவங்க யாரும் எனக்கு ஜீவகாருண்யம் சொல்லவேண்டாம். சைவம் சாப்பிடறவங்க திட்டுங்க, கேட்டுக்கறேன்.

"நீயும் வெளியூர்லேர்ந்து வந்தவன்தானே, அப்போ உன்னையும் சுடலாமா"ன்னு ஒரு கமெண்ட். அதுக்கு நாப்பத்தி ஏழு ஹாஹா. நான் தெரிஞ்சவங்கன்னு நினைச்சிருந்த பேரெல்லாம் அதுல இருந்துச்சு. என்ன சொல்றது அதுக்கு?

அதை விட்டுத்தள்ளலாம். பெரியவரை "வெள்ளைக்கார காட்டுமிராண்டி"ன்னு எழுதினதைத்தான் என்னால தாங்க முடியல. 2020ல அப்பா தவறினப்போ பார்டர் மூடியிருந்துச்சு, போக முடியல. கொள்ளி வைக்கறதை போன்ல பாத்தேன். நம்மாளுங்க எல்லாரும் வாட்ஸாப்புல கும்பிடு போட்டாங்க. இந்த மனுஷன் தான் ஷெட்லேர்ந்து விறகு கொண்டாந்து அடுப்பு மூட்டி, ஒரு வார்த்தை பேசாம விடியற வரைக்கும் வராண்டாவுல எனக்கு எதுக்க உக்காந்திருந்தார். அவருக்கு தமிழ் ஒரு எழுத்து தெரியாது.

போட்டோவுல நான் அவரை டேக் பண்ணியிருந்தேன். நேத்து சாயங்காலம் போனை தூக்கிட்டு வீட்டுக்கே வந்துட்டார். "உங்க ஆளுங்க இவ்வளவு எழுதியிருக்காங்களே, என்ன சொல்றாங்க?"ன்னு சிரிச்சுக்கிட்டே கேட்டார். மொழிபெயர்ப்பு பட்டனை அவர் அமுக்கறதுக்குள்ள போனை வாங்கிக்கிட்டேன்.

உங்க தொப்பி அழகா இருக்குன்னு சொல்றாங்கன்னேன்.