மியோசாவில் குளிக்க ஆகஸ்டில் வாருங்கள்

ஜூன் மாதத்தில் நோர்வேயின் மியோசா ஏரிக்கரையில் எங்கள் வருடாந்த ஒன்றுகூடலை வைப்பதை நாங்கள் விட்டுவிட வேண்டும். விட மனமில்லை என்றால், யாரும் தண்ணீரில் இறங்காத ஒன்றுகூடலாக வையுங்கள். ஏரிக்கரை நகரமான ஹாமாரில் குடியிருந்து வருடம் முழுக்க இந்த ஏரியைப் பார்ப்பவன் என்ற முறையில் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஏன் ஜூன் என்பது எல்லோருக்கும் தெரியும். இருபதாம் திகதியை ஒட்டிப் பள்ளிக்கூடம் விடுகிறது. ஜூலை பிறந்தால் பாதிக் குடும்பங்கள் லண்டன், பரிஸ், கனடா என்று கிளம்பிவிடும். அதற்குள் ஒரு சனிக்கிழமையைப் பிடித்து, றோல்ஸ் பொரித்து, கோழி வாட்டி, ஒஸ்லோவில் இருந்தும் ஆட்கள் வந்து சேருகிறார்கள். வெயில் 27 பாகை செல்சியசுக்கு எறிக்கிறது. தண்ணீர் பளபளவென்று கிடக்கிறது. பிள்ளைகள் ஓடிப் போய் மரத்துறையின் நுனியில் நின்று குதிக்கப் பார்க்கிறார்கள். அந்த நேரத்தில் ஏரியின் நீர் 10, 11 பாகையில் இருக்கலாம். வடக்கே போனால் அதைவிடக் குறைவாகவும் இருக்கலாம்.

மியோசா நோர்வேயின் மிகப் பெரிய ஏரி. நீளம் 117 கிலோமீற்றர், ஆழமான இடத்தில் ஏறக்குறைய 450 மீற்றர். இவ்வளவு தண்ணீர் சூடேற, பெரிய கிடாரத்தை அடுப்பில் ஏற்றியது போல நேரம் எடுக்கும். தண்ணீர் மிகவும் கனமாக இருப்பது 4 பாகையில். பனிக்காலம் முடியும்போது ஏரி மேலிருந்து கீழ்வரை கிட்டத்தட்ட அந்த அளவில்தான் நிற்கிறது. மே மாத வெயில் மேற்பரப்பைக் கொஞ்சம் சூடாக்கினாலும், காற்று அடித்து அதை அடியில் உள்ள குளிர்நீரோடு கலந்துவிடும். மேலே வெதுவெதுப்பான ஒரு படை தனியாகத் தங்கி நிற்க ஜூன் கடைசி, ஜூலை ஆகிவிடும். இதற்கு நடுவில் லோகன் ஆறு யூத்துன்ஹைமன் மலைகளில் உருகிய பனியை எல்லாம் ஏரியின் வடக்குப் பக்கம், லில்லெஹாமரில் கொண்டுவந்து கொட்டுகிறது. அந்த வெள்ளம் வருவதும் பெரும்பாலும் மே கடைசியிலும் ஜூனிலும்தான். வெயில் ஏற ஏற மலையில் பனி உருகுவதும் கூடும். வானத்தைப் பார்த்து இந்த ஏரியைக் கணிக்க முடியாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். மின் உற்பத்திக்காக மியோசாவின் நீர்மட்டத்தை ஒழுங்குபடுத்துகிறார்கள். உச்சத்துக்கும் அடிமட்டத்துக்கும் இடையில் 3.61 மீற்றர் வித்தியாசம் வரலாம். வசந்தத்தில் வந்து பார்த்தால் கரையில் கல்லும் சேறும் வெளியே கிடக்கும். வெள்ளம் நிரம்பியதும் அதே இடத்தில் பெரியவர்களுக்கே தலைக்கு மேல் தண்ணீர் நிற்கும். மே மாதம் முழங்காலளவு தண்ணீரில் பிள்ளை விளையாடிய இடம் என்று நம்பி ஜூன் கடைசியில் இறக்கிவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

11 பாகைத் தண்ணீருக்குள் திடீரென்று விழுந்தால், நாம் கேட்காமலே உடம்பு ஒரு பெரிய மூச்சை இழுக்கும். தலை தண்ணீருக்குள் இருக்கும்போது அந்த மூச்சு வந்தால் உள்ளே போவது தண்ணீர். பிறகு நாய் இளைப்பது மாதிரி மூச்சு வாங்கும், நெஞ்சு படபடக்கும், கை கால் சொன்னபடி கேட்காது. இதயம் பலவீனமானவர்களுக்கு அந்த முதல் நிமிடமே ஆபத்து. ஆகக் குளிர்ந்த நீரைப் பற்றிக் கனடாவில் ஆராய்ச்சி செய்த பேராசிரியர் கோர்டன் கீஸ்பிரெக்ட் ஒரு கணக்குச் சொல்லிக் கொடுக்கிறார்: மூச்சைக் கட்டுப்பாட்டுக்குக் கொண்டுவர 1 நிமிடம், கை கால் உபயோகமாக அசைய 10 நிமிடம், உடல் குளிர்ந்து நினைவு தப்ப 1 மணித்தியாலம். அது உறைநிலையை நெருங்கிய நீருக்கான கணக்கு. ஆனால் அந்த முதல் நிமிட அதிர்ச்சி 10, 15 பாகைத் தண்ணீரிலும் பலமாகவே வரும். நன்றாக நீந்தத் தெரிந்தவரையும் அது விடாது.

எங்களில் பலர் யாழ்ப்பாணத்துக் கீரிமலைக் கேணியிலும் ஊர்க் கடலிலும் குளித்து வளர்ந்தவர்கள். அங்கே நீரோட்டத்துக்குப் பயந்தோம், ஆழத்துக்குப் பயந்தோம். தண்ணீரின் குளிர் ஆளைக் கொல்லும் என்று எந்த அம்மாவும் சொல்லித் தந்ததில்லை, சொல்ல வேண்டிய தேவையும் இருக்கவில்லை. இங்கே பிறந்த பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமே நீச்சல் சொல்லிக் கொடுக்கிறது. நாலாம் வகுப்பு முடிவதற்குள் ஆழமான நீருக்குள் விழுந்து, 100 மீற்றர் குப்புற நீந்தி, இடையில் மூழ்கி ஒரு பொருளை எடுத்து, 3 நிமிடம் மிதந்து ஓய்வெடுத்து, 100 மீற்றர் மல்லாந்து நீந்திக் கரையேற வேண்டும் என்பது பாடத்திட்டம். அதை எல்லாம் பழகுவது பெரும்பாலும் சூடாக்கிய உள்ளக நீச்சல் தடாகத்தில். கரையில் நிற்கும் அப்பாவுக்கோ மாமாவுக்கோ பல வீடுகளில் அந்த 100 மீற்றரும் வராது. பிள்ளை தத்தளித்தால் அவர்தான் சட்டையோடு பாய்வார். எனக்கு ஆகப் பெரிய பயம் இதுதான். பெரியவர்களே, நீச்சல் வகுப்புக்குப் போங்கள். நாற்பது வயதில் என்ன வெட்கம்?

ஜூலை நடுப்பகுதிக்குப் பிறகு ஏரி வேறு மாதிரி. ஹாமாரில் கொய்கன் என்ற குளிக்கும் இடத்தின் பக்கம் 18, 19, நல்ல வருடத்தில் 20 பாகைக்கு மேலும் போகும். சேர்த்த சூட்டை ஏரி லேசில் விடாது. ஆகஸ்டில் இரவு குளிர்ந்தாலும் நீர் இதமாகவே இருக்கும். அப்போதும் காற்றைப் பாருங்கள். வடக்குக் காற்று இரண்டு நாள் தொடர்ந்து வீசினால் மேலே உள்ள சூடான நீரைத் தெற்கே மின்னெசுண்ட் பக்கம் தள்ளிக்கொண்டு போய்விடும். வடக்குக் கரையில் அடியிலிருந்து குளிர்நீர் எழும்பி வரும். நேற்று 19 என்று காட்டிய இடம் இன்று 12. யூர் வானிலைச் செயலியில் குளிக்கும் இடங்களின் வெப்பநிலை போடுகிறார்கள். நல்ல வசதி. எந்த நாள், எத்தனை மணிக்கு அளந்தது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். அந்த எண் மேற்பரப்புக்குத்தான். இடுப்பளவு நீரில் நின்றாலே சில நாட்களில் வயிற்றுக்கு வெதுவெதுப்பும் பாதத்துக்கு ஐஸ் மாதிரிக் குளிரும் தெரியும்.

ஆகஸ்டும் எல்லா வருடமும் சரிவரும் என்று சொல்லவில்லை. 2023இல் ஹான்ஸ் புயல் மழையில் ஏரி கரை மீறி நின்றது. அப்படியான வருடத்தில் நகரசபை சொல்வதைக் கேட்டுத் தள்ளி நிற்க வேண்டியதுதான்.

ஜூனில்தான் முடியும் என்றால் சின்ன ஏரிகளுக்குப் போங்கள். ஒஸ்லோவில் சொங்ஸ்வான் இருக்கிறது, 5ஆம் இலக்க மெட்ரோவின் கடைசித் தரிப்பில் இறங்கினால் நடைதூரம். சின்ன ஏரி என்பதால் மியோசாவுக்கு முன்பே சூடாகிவிடும். பக்கத்தில் உள்ள மரிடால்ஸ்வானில் மட்டும் இறங்க வேண்டாம். அது நகரத்தின் குடிநீர், குளிக்கத் தடை.

இந்த வருடத் திகதி இன்னும் முடிவாகவில்லை என்று கேள்விப்பட்டேன். பள்ளிக்கூடம் ஆகஸ்ட் நடுவில்தான் தொடங்குகிறது, ஆகவே முதல் இரண்டு சனிக்கிழமைகளில் ஒன்றைப் பாருங்கள். பொறுப்பான அண்ணாமார், அக்காமார் யாராவது இதைக் குழுவில் போட்டுவிடுங்கள். எந்தத் திகதி என்றாலும் காலையில் வெப்பமானியோடு போய் அளந்து சொல்ல நான் தயார். மிதவை வளையம் எங்கே தொங்குகிறது என்று வந்தவுடன் எல்லோருக்கும் காட்டுவோம். அம்புலன்சை அழைக்கும் 113 என்ற இலக்கம் பிள்ளைகளுக்கும் தெரிந்திருக்கட்டும். தண்ணீரைப் பார்க்க இரண்டு பேரை முறை வைத்து நிறுத்துவோம், அந்த நேரம் அவர்கள் கையில் தொலைபேசி வேண்டாம்.