தேர்ச்சி விகிதத்தில் வராத பிள்ளைகள்

நம் பகுதியின் இரண்டு அரசு மேல்நிலைப் பள்ளிகளையும் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி விகிதத்தை வைத்து ஒப்பிட்ட அந்தப் பட்டியலை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அதன் கீழே, "இரண்டாவது பள்ளியை இழுத்து மூடிவிடலாம்" என்று ஒரு பெரியவர் எழுதியதையும், அதற்கு விழுந்த விருப்பக்குறிகளையும் பார்த்திருப்பீர்கள். இரண்டு நாள் பேசாமல் இருந்து பார்த்தேன். முடியவில்லை.

தேர்ச்சி விகிதம் தேர்வு எழுதியவர்களை மட்டுமே எண்ணுகிறது. எழுத விடாமல் அனுப்பப்பட்டவர்களை எண்ணுவதில்லை. ஒரு பள்ளியில் ஒன்பதாம் வகுப்பில் 120 பேர் இருந்து, 80 பேர் மட்டும் பொதுத்தேர்வு வரை போய், எண்பது பேரும் தேறினால் அது நூற்றுக்கு நூறு. பக்கத்துப் பள்ளி தன் 120 பேரோடு அங்கிருந்து வந்த 30 பேரையும் சேர்த்துக்கொண்டு, 150 பேரில் 135 பேரைத் தேற வைத்தால் தொண்ணூறு சதவீதம். முன்னதற்குப் பதாகை, பின்னதற்கு மூடுவிழா. கூடுதலாகத் தேறிய 55 பிள்ளைகள் அந்தப் பட்டியலின் எந்தக் கட்டத்தில் இருக்கிறார்கள்?

2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம், எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியை விட்டு வெளியேற்றக் கூடாது என்கிறது. ஒன்பதாம் வகுப்பில் அந்தக் காப்பு இல்லை. "டிசி வாங்கிக்கொள்ளுங்கள், வேறு நல்ல பள்ளியாகப் பாருங்கள்" என்னும் கனிவான அறிவுரை அங்கேதான் தொடங்குகிறது.

அந்த அறிவுரையை என் அம்மா தலைமை ஆசிரியரின் அறை வாசலில் நின்றபடி கேட்டார். (சட்டம் வருவதற்கு முந்தைய காலம் அது, அறிவுரை மட்டும் மாறவில்லை.) பள்ளியின் பெயர் வேண்டாம். என்னைச் சேர்த்துக்கொண்ட பள்ளியில், கணக்கில் 31 வாங்கித் தோற்றேன். அந்த ஆண்டு அந்தப் பள்ளியின் விகிதத்தைக் கெடுத்தவர்களில் நானும் ஒருவன். கணக்கு ஆசிரியை கோடை விடுமுறை முழுவதும் என்னை வரச்சொல்லிப் பாடம் நடத்தினார். உடனடித் தேர்வில் தேறினேன். அதற்குள் பள்ளியின் சதவீதம் பலகையில் எழுதப்பட்டுவிட்டது.

அப்படியானால் பெற்றோர் எதைப் பார்த்துப் பள்ளியைத் தேர்ந்தெடுப்பது என்று கேட்பீர்கள். தாராளமாக ஒப்பிடுங்கள், ஒன்பதாம் வகுப்பில் எத்தனை பேர் இருந்தார்கள், அவர்களில் எத்தனை பேர் பொதுத்தேர்வு எழுதினார்கள் என்னும் இரண்டு எண்களையும் பக்கத்தில் போட்டு ஒப்பிடுங்கள். மாணவர்களின் மாநில முதலிடம், இரண்டாமிடம் அறிவிப்பதைத் தமிழக அரசே 2017இல் நிறுத்திவிட்டது. நமக்குத்தான் யாருக்காவது கடைசி இடம் கொடுக்காமல் தூக்கம் வருவதில்லை. பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் 2001இல் பள்ளிகளின் தேர்வு முடிவுப் பட்டியல்களை நிறுத்தியபின் பள்ளிகளின் செயல்பாடு சரிந்ததாக பிரிஸ்டல் பல்கலைக்கழக ஆய்வொன்று சொல்வதை நண்பர் ஒருவர் அனுப்பினார். இருக்கட்டும். பட்டியலே வேண்டாமென்று நான் எங்கே சொன்னேன்? பாதிப் பட்டியல் வேண்டாம் என்கிறேன்.

"சோம்பேறி ஆசிரியர்களுக்கு வக்காலத்து வாங்குகிறீர்கள்" என்று எழுதியவருக்குப் பதில் சொல்லப்போவதில்லை. ஒரு கோடை முழுவதும் ஊதியம் எதுவும் இல்லாமல், தோற்றுப்போன ஒருவனுக்கு உட்கார்ந்து கணக்குச் சொல்லிக்கொடுத்தவரை அவர் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

மூடிவிடலாம் என்ற பெரியவரிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். ஐயா, மூடிய பிறகு, கையில் டிசியோடு வருகிற பிள்ளைகளை எந்தப் பள்ளி சேர்த்துக்கொள்ளும் என்பதையும் எழுதுங்கள். பட்டியலின் முதல் பள்ளியை மட்டும் சொல்லாதீர்கள். அவர்கள் அங்கிருந்துதான் வருகிறார்கள்.