பெட்டி வேறு, டிஸ்க் வேறு

வீட்டுப் படங்களை வைத்திருக்கும் என் நாஸ் பெட்டி (டிஸ்க்குகளை மாட்டி, வீட்டு நெட்வொர்க் வழியாகக் கோப்புகளைச் சேமிக்கும் பெட்டி) எழ மறுக்கிறது என்று நேற்று எழுதியிருந்தேன். அதன் கீழ் வந்த அறிவுரைகளை எல்லாம் படித்துவிட்டேன். "பழைய பெட்டி, தூக்கிப் போடுங்கள்" என்றவர்கள்தான் அதிகம். போகட்டும். சர்வீஸ் சென்டரில் அந்தத் தம்பி சொன்னதுதான் இன்னும் ஜீரணமாகவில்லை. பெட்டியைத் திறக்கவில்லை, மல்டிமீட்டரைத் தொடவில்லை. நீல விளக்கு சிமிட்டுவதை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "போர்டு போய்விட்டது சார். புதுப் பெட்டி வாங்கி, இதே டிஸ்க்கை ஃபார்மேட் செய்து போட்டுக்கொள்ளுங்கள்" என்கிறார். ஃபார்மேட்! சாவி தொலைந்தது என்று போனவனிடம் வீட்டை இடித்துவிட்டுக் கட்டச் சொல்வது போல.

பெட்டி வேறு, டிஸ்க் வேறு. வீடுகளில் இருக்கும் நாஸ் பெட்டி என்பது பெரும்பாலும் லினக்ஸ் (விண்டோஸ் மாதிரி இன்னொரு இயங்குதளம்) ஓடும் ஒரு சின்ன கம்ப்யூட்டர், அவ்வளவுதான். என் பெட்டியில் இருப்பது ரெய்டு 1; அதாவது இரண்டு டிஸ்க்கிலும் ஒரே சரக்கு. பெட்டி அடியோடு போனாலும், ஒன்றைக் கழற்றி லினக்ஸ் கம்ப்யூட்டரில் மாட்டி, படிக்க மட்டும் திறந்து, நகல் எடுத்துவிட முடியும். இதைச் சொல்லாமல் அழிக்கச் சொல்வதற்கா கவுன்ட்டரும் டோக்கனும்?

டிஸ்க்குகளில் 1, 2 என்று எழுதிக் கழற்றிவிட்டு, வெறும் பெட்டிக்கு மின்சாரம் கொடுத்தேன். பீப் என்றது, நெட்வொர்க்கில் தெரிந்தது. செத்த போர்டு இதையெல்லாம் செய்யுமா? சந்தேகம் அடாப்டர் மேல் திரும்பியது. சும்மா அளந்தால் 12 வோல்ட், அப்பழுக்கில்லாமல். டிஸ்க்குகளை மாட்டி அளந்தபோதுதான் சாயம் வெளுத்தது. 3.5 அங்குல டிஸ்க் சுழலத் தொடங்கும்போது ஒவ்வொன்றும் ஏறக்குறைய 2 ஆம்பியர் இழுக்கும். அந்த நொடியில் மீட்டர் 10க்குக் கீழே சரிந்தது. அடாப்டரைப் பிளந்தால் உள்ளே மின்சாரத்தைத் தேக்கிச் சீராக்கும் ஒரு கெப்பாசிட்டரின் தலை உப்பி, ஓரத்தில் பழுப்பாகக் கசிந்து காய்ந்திருந்தது. (பிளக்கில் செருகியபடி யாரும் திறந்து தொலைக்காதீர்கள்.) அதே வோல்ட், அதற்குக் குறையாத ஆம்பியர், அதே பின் உள்ள வேறு அடாப்டரை மாட்டினேன். எழுந்துவிட்டது.

"போர்டே போகிற பெட்டிகளும் உண்டே" என்பீர்கள். உண்டு. சில நாஸ் பெட்டிகளில் இருக்கும் இன்டெல்லின் ஆட்டம் சி2000 என்ற சிப்பில் அப்படி ஒரு கோளாறு இருப்பதை 2017இல் இன்டெல்லே ஒப்புக்கொண்டது. என் பெட்டியில் அந்தச் சிப் இல்லை. இருந்தாலும் டிஸ்க் சாகாது; மறுபடியும் அதையேதான் சொல்கிறேன். "ரெய்டு பேக்அப் ஆகாது" என்று பாடம் எடுத்தவர்களுக்கு: தெரியும் ஐயா, தங்கை வீட்டில் இன்னொரு நகல் இருக்கிறது. அதற்காக இங்கே இருப்பதை அழித்துவிட வேண்டுமா? "பாதுகாப்பு அப்டேட் நின்றுபோன பெட்டி ஆபத்து" என்றவர் நியாயமாகத்தான் சொல்கிறார். ஆனால் அதை நான் இணையத்துக்குத் திறந்தே வைக்கவில்லை, விடுங்கள்.

கிளவுட் ரசிகர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். என் வீட்டுப் படங்களை நான் பார்ப்பதற்கு மாதாமாதம் வாடகை கட்ட வேண்டுமாம். கட்ட மறந்தால் என்ன ஆகும் என்று கேட்டால் மட்டும் பேச்சு மாறுகிறது.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. அக்கா மகன், ஐடி கம்பெனியில் இருப்பவன், குடும்ப வாட்ஸ்அப் குழுவில், எல்லோரும் பார்க்க எழுதுகிறான்: "மாமா இன்னும் அந்த டப்பாவைக் கட்டிக்கொண்டு அழுகிறார்." கீழே வரிசையாகச் சிரிப்புப் படங்கள். அக்காவும் போட்டிருக்கிறாள். பழுது பார்ப்பது என்றாலே கஞ்சத்தனம், இல்லையென்றால் வயதாகிவிட்டது. திறந்து பார்த்தவன் பைத்தியக்காரன், பார்க்காமலே தீர்ப்புச் சொன்னவர் நிபுணர். சரிதான்.

போன வருடம் அவன் போன் தண்ணீரில் விழுந்தபோது, அவன் மகளின் காதுகுத்துப் படங்கள் கிடைத்தது எந்தக் கிளவுடில் என்று அந்தக் குழுவில் நான் கேட்கவில்லை. அக்காவுக்காகத்தான். இங்கே அவன் என் நண்பர் பட்டியலில் இருக்கிறான், படிப்பான்.