அந்த பேனரில் இருப்பது எங்கள் அப்பா இல்லை

அப்பா இறந்து இன்றோடு 23 நாள். கருமாதி முடிந்து சொந்தக்காரர்கள் எல்லாரும் கிளம்பிவிட்டார்கள், தெருமுனையில் கட்டிய பேனர் மட்டும் இன்னும் இருக்கிறது. கட்டியவர்கள் எங்கள் தெருப் பிள்ளைகள். அப்பா மேல் உள்ள பிரியத்தில் சொந்தக் காசு போட்டுக் கட்டினார்கள், அதனால் நேரில் சொல்ல மனம் வரவில்லை. அப்பாவின் முகத்தை வெட்டி எடுத்து, இயந்திரத் துப்பாக்கி பிடித்த யாரோ ஒருவர் உடம்பில் ஒட்டியிருக்கிறார்கள். பின்னால் டாங்கி, நெருப்பு, "எதிரிகளைச் சுட்டு வீழ்த்திய மாவீரர்" என்று பெரிய எழுத்து. காய்கறி வாங்கப் போகும்போதெல்லாம் அதைப் பார்க்கிறேன், இவர் எங்கள் அப்பா இல்லையே என்றுதான் தோன்றுகிறது.

அப்பா ராணுவத்தில் சேர்ந்தது 1963-ல். சீனப் போர் முடிந்த மறு வருடம், நிறைய ஆள் எடுத்த நேரம். கடலூர் வண்டிப்பாளையத்திலிருந்து பெங்களூர் அல்சூருக்குப் போனார், மதராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் படைக்கு. 1780-ல் தொடங்கிய படை அது, அங்கே இருப்பவர்களுக்கு ராணுவம் முழுக்க 'தம்பி' என்றுதான் பெயர். சாப்பரிடமும் துப்பாக்கி உண்டு, ஆனால் அவன் வேலை பாலம் போடுவது, ரோடு போடுவது, கண்ணிவெடி எடுப்பது. பின்னால் வருகிறவன் உயிரோடு போய்ச் சேர வழி செய்து கொடுப்பது.

1971 டிசம்பரில், பாகிஸ்தான் போரின்போது, ஷகர்கட் பகுதியில் இருந்தார். பசந்தர் ஆற்றைத் தாண்டி நம் டாங்கிகள் போக வேண்டுமென்றால் முதலில் சாப்பர்கள் கண்ணிவெடிகளுக்கு நடுவே பாதை திறக்க வேண்டும். இதைப் பற்றி அப்பா எங்களிடம் பேசியது வாழ்நாள் முழுக்கச் சேர்த்தாலும் அரை மணி நேரம் இருக்காது. தரையில் படுத்துக்கொண்டு கம்பியைச் சாய்வாக மண்ணுக்குள் விட்டு விட்டுப் பார்ப்பார்களாம், மேலிருந்து நேராகக் குத்தினால் வெடித்துவிடும். பார்த்து முடித்த இடத்துக்கு வெள்ளை நாடா கட்டுவார்கள். "கை அவசரப்படக் கூடாது பாப்பா, அவ்வளவுதான்" என்பார், எழுந்து போய்விடுவார். யாரையாவது சுட்டீர்களா என்று கல்யாண வீட்டில் ஒருவர் கேட்டபோது பதில் சொல்லாமல் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஓய்வு பெற்ற ராணுவக்காரர்களிடம் தயவுசெய்து அந்தக் கேள்வியைக் கேட்காதீர்கள். உங்களுக்கு அது கதை, அவர்கள் அன்றைக்குச் சாப்பாட்டில் கை வைக்க மாட்டார்கள்.

வருடத்துக்கு இரண்டு மாத லீவு. பதான்கோட்டில் ரயில் ஏறி டெல்லி, அங்கிருந்து மதராஸ், அப்புறம் எழும்பூரில் மீட்டர் கேஜ் வண்டி பிடித்துத் திருப்பாதிரிப்புலியூரில் வந்து இறங்க வேண்டும், கருப்பு டிரங்குப் பெட்டியும் படுக்கைச் சுருட்டுமாக. எனக்கு மூன்று வயதிருக்கும்போது அப்படி ஒருநாள் வந்தவரைப் பார்த்து "அம்மா, யாரோ மாமா வந்திருக்காங்க" என்று கத்திக்கொண்டு உள்ளே ஓடினேனாம். அப்பா திண்ணையிலேயே உட்கார்ந்துவிட்டாராம், நானாகப் பக்கத்தில் போகும் வரைக்கும் உள்ளே வரவில்லை என்று அம்மா சொல்லுவார். போரைப் பற்றிப் பேசாத மனுஷன் இதை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லுவார், என் பிள்ளைகளிடம்கூடச் சொன்னார்.

1980-ல் ஹவில்தாராக ஓய்வு பெற்றார், 17 வருட சர்வீஸ். ஒரு வங்கியில் காவலர் வேலை கிடைத்தது. அதற்கப்புறம் அந்த 17 வருடத்தையும் எங்களுக்குத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்பது போலவே வாழ்ந்தார். தம்பிக்கும் எனக்கும் யூனிஃபார்ம் தேய்ப்பது, ஷூ பாலிஷ், நோட்டுக்கு அட்டை போடுவது எல்லாம் அவர்தான். எனக்கு இரட்டைப் பின்னல் போடக்கூடக் கற்றுக்கொண்டார், வகிடு கோடு போட்ட மாதிரி இருக்கும். அம்மாவுக்கு மூட்டுவலி வந்து குனிய முடியாமல் போனபோது மார்கழிக் கோலத்தையும் எடுத்துக்கொண்டார். விடியற்காலை நாலரைக்கு, கழுத்தில் மஃப்ளர் சுற்றிக்கொண்டு, அந்த வயதில் தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு புள்ளியாக வைப்பார். பார்த்தவர்கள் சிலர் சிரித்தார்கள். அவர் தலை நிமிரவில்லை, புள்ளியும் தப்பவில்லை.

சுனாமி வந்த 2004-ல் அப்பாவுக்கு அறுபது வயது. கடலூர் மாவட்டத்தில் மட்டும் 600 பேருக்கு மேல் போனார்கள். அன்று மத்தியானமே தேவனாம்பட்டினத்துக்குப் போனவர், ஐந்து நாள் இடிபாடுகளுக்குள் வேலை செய்தார். ராத்திரி வந்து கிணற்றடியில் வெகுநேரம் குளிப்பார், எங்கள் இரண்டு பேர் தலையையும் தொட்டுப் பார்த்துவிட்டுப் படுப்பார், நாங்கள் வளர்ந்து பிள்ளை பெற்றவர்கள். பேனரில் ஏதாவது போடத்தான் வேண்டுமென்றால் இதையெல்லாம் போட்டிருக்கலாம். வீரம் என்றால் எதிரே ஒருத்தன் சாக வேண்டும் என்று யார் நமக்குச் சொல்லிக் கொடுத்தார்கள்?

இன்னொன்று, முன்னாள் படைவீரர் வீடுகளில் இருப்பவர்கள் இதைக் கட்டாயம் படியுங்கள். அம்மாவின் பெயர் அப்பாவின் சர்வீஸ் பதிவில் ஓர் எழுத்து மாறி இருந்தது, பிறந்த தேதியும் ஆதாரோடு ஒத்துப்போகவில்லை. கணவர் இறந்த பிறகு இப்படி ஒரு பிழை தெரியவந்தால் குடும்ப ஓய்வூதியத்துக்கு அந்த அம்மாக்கள் படுகிற அலைச்சல் கொஞ்சமில்லை. பொதுவாகக் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம் வரும் அந்தப் பணம்தான் பல வீடுகளில் அரிசி, மருந்து எல்லாம். அப்பா எழுபது வயதுக்கு மேல் உறுதிமொழிப் பத்திரம் எடுத்து, ரெக்கார்ட்ஸ் ஆபீசுக்குக் கடிதம் மேல் கடிதம் போட்டு, இரண்டு வருடம் விடாமல் நின்று அதைச் சரிசெய்தார். பி.பி.ஓ. என்கிற ஓய்வூதிய ஆணை, டிஸ்சார்ஜ் புத்தகம், கல்யாணம் பதிவான தாள் எல்லாவற்றுக்கும் நகல் எடுத்துப் பழுப்பு ஃபைலில் வைத்திருந்தார். இப்போது ராணுவ ஓய்வூதியத்துக்கு ஸ்பார்ஷ் என்ற இணையதளம் வந்துவிட்டது, உங்கள் அப்பா இருக்கும்போதே அவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு உங்கள் அம்மாவின் விவரம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

நேற்று அந்த ஃபைலோடு அம்மாவை அழைத்துக்கொண்டு முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போனோம். ஒவ்வொரு தாளாகப் புரட்டிய அலுவலர் எதையும் திருப்பிக் கேட்கவில்லை. படிவத்தில் எழுத ஆர்மி நம்பர் மட்டும் கேட்டார். நான் தாளைத் தேடிக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் அம்மா நம்பர், ரேங்க், பெயர், கம்பெனி, 56 ஏ.பி.ஓ. வரைக்கும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். ஐந்தாவது வரைக்கும்தான் படித்தவர், 17 வருடம் இன்லாண்ட் லெட்டரில் தன் கையால் எழுதிய விலாசம் அது.