ஹெஸ்டரின் ஊசி

எம்.ஏ. படித்தபோது எங்களுக்கு ஒரு நோட்ஸ் கிடைத்தது. சிவப்பு எழுத்து என்றால் பாவம், ரோஜாச்செடி என்றால் நம்பிக்கை, காடு என்றால் சுதந்திரம், சிறைக்கதவு என்றால் சட்டம். மனப்பாடம் செய்து எழுதினேன், மார்க்கும் வந்தது. அமெரிக்க எழுத்தாளர் நதானியேல் ஹாதோர்னின் 'தி ஸ்கார்லெட் லெட்டர்' நாவல் அவ்வளவுதான் என்று இருபது வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். போன மாதம் உட்கார்ந்து நிதானமாகப் படித்தேன். மனசு ஆறவே இல்லை.

கதை தெரியாதவர்களுக்காக: 1640களின் பாஸ்டன். பியூரிட்டன்கள் என்ற கண்டிப்பான புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவர்களின் ஊர். பாவத்துக்கும் குற்றத்துக்கும் அங்கே வித்தியாசம் கிடையாது. புருஷன் உடன் இல்லாத காலத்தில் பிள்ளை பெற்ற ஹெஸ்டர் பிரின், 'ஏ' என்ற சிவப்பு எழுத்தை மார்பில் அணிந்தே காலம் தள்ள வேண்டும் என்று தீர்ப்பு. குழந்தையின் தகப்பன் யாரென்று அவள் வாய் திறக்கவில்லை. அவன், ஊரே மெச்சும் இளம் போதகர் டிம்ஸ்டேல்.

அந்த 'ஏ', 'அடல்ட்ரி' (விபசாரம்) என்ற வார்த்தையின் முதலெழுத்து என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் நாவலில் தேடிப் பாருங்கள், அந்த வார்த்தை ஓரிடத்திலும் கிடையாது. நோயாளிகளுக்கும் ஏழைகளுக்கும் ஹெஸ்டர் ஓடி ஓடி உதவுவதைப் பார்த்த பிறகு, அதே ஊர்க்காரர்கள் அது 'ஏபிள்', திறமைசாலி என்று பொருள் சொல்ல ஆரம்பிக்கிறார்கள். ஒரு ராத்திரி வானத்தில் அந்த எழுத்து தெரிந்தபோது 'ஏஞ்சல்' என்கிறார்கள். (வானத்தில் எழுத்து தெரிவது கொஞ்சம் அதிகப்படி என்றுதான் எனக்கு இன்றும் தோன்றுகிறது.) இப்படிப் பொருள் மாறிக்கொண்டே போகும் ஒன்றை எந்த அட்டவணையில் அடைப்பது?

முதல் காட்சிக்கு வருவோம். மூன்று மாதக் கைக்குழந்தையோடு ஹெஸ்டர் தண்டனை மேடையில் நிற்கிறாள். கூட்டத்தில் ஒரு கத்தோலிக்கர் இருந்திருந்தால் அவருக்கு மாதாவும் குழந்தையும் நினைவுக்கு வந்திருப்பார்கள் என்கிறார் ஹாதோர்ன். சொரூபமே ஆகாது என்று ஒதுக்கிய ஜனங்கள் நடுவில், அவர்களே அவமானப்படுத்த ஏற்றிய மேடையில், மாதாவின் சாயலை நிறுத்துகிறார்! அந்தக் குழந்தைக்குப் பெயர் பேர்ல், அதாவது முத்து. சண்டே ஸ்கூல் போனவர்களுக்கு பைபிளில் மத்தேயு 13 ஞாபகம் இருக்கும்: விலையுயர்ந்த ஒரு முத்தைக் கண்ட வியாபாரி, தனக்குண்டான எல்லாவற்றையும் விற்று அதைக் கொள்ளுகிறான். ஹெஸ்டர் தன்னிடம் இருந்ததையெல்லாம் கொடுத்து வாங்கிய முத்து அவள். ஊர் அவளைப் பிசாசின் பிள்ளை என்கிறது.

இன்னொரு பக்கம் டிம்ஸ்டேலின் அறை. சுவரில் நெய்த சித்திரத் திரைச்சீலை, சாயம் வெளுக்காமல் தொங்குகிறது. அதில் தாவீது, பத்சேபாள், நாத்தான் தீர்க்கதரிசி. ஹாதோர்ன் ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார். நோட்ஸில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை. எனக்கோ புத்தகத்திலேயே பயங்கரமான இடம் இதுதான். அடுத்தவன் மனைவியான பத்சேபாளை எடுத்துக்கொண்ட தாவீது ராஜாவின் முகத்துக்கு நேராக, "நீயே அந்த மனுஷன்" என்று சொன்னவர் நாத்தான். அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டே பிரசங்கம் தயாரிக்கிறார் இந்தப் போதகர். அறைக்குள் தன்னைத்தானே சவுக்கால் அடித்துக்கொள்கிறார், உபவாசம் இருக்கிறார், பகலில் ஊர் பார்க்க அந்தத் தண்டனை மேடைக்கு மட்டும் வர முடியவில்லை.

வேத வசனத்தையும் வேதப் படங்களையும் தண்டிக்கிறவர்கள் கையிலிருந்து பிடுங்கி, தண்டிக்கப்பட்டவள் பக்கம் வைத்த நாவல் இது. ஹாதோர்னுக்கு அதற்கு வீட்டிலேயே காரணம் இருந்தது. 1692இல் அமெரிக்காவின் சேலம் ஊரில் சூனியக்காரர்கள் என்று 19 பேரைத் தூக்கிலிட்டார்களே, அந்த வழக்குகளின் நீதிபதிகளில் ஒருவரான ஜான் ஹாதோர்ன் இவருடைய மூதாதை. 1850இல் வந்த இந்த நாவலின் முன்னுரையிலேயே, முன்னோர்களுக்காக அந்த அவமானத்தை நான் ஏற்றுக்கொள்கிறேன் என்று எழுதியிருக்கிறார். அதைப் படிக்காமல் எப்படி பரீட்சை எழுதினேன் என்று இப்போது வருத்தமாக இருக்கிறது.

ஆனால் என்னைத் தூங்கவிடாதது ஹெஸ்டரின் ஊசிதான். அந்த எழுத்தைத் தங்க நூலால் அலங்கரித்துத் தைத்தவள் அவளே. பிழைப்புக்கும் தையல்தான். கவர்னரின் கழுத்துப்பட்டிக்கு அவள் கைவேலை வேண்டும், போதகரின் பட்டைக்கு வேண்டும், பச்சைக்குழந்தையின் குல்லாய்க்கு வேண்டும், பிணத்தோடு பெட்டிக்குள் போகும் துணிக்கும் வேண்டும். கல்யாணப் பெண்ணின் வெள்ளை முக்காட்டுக்கு மட்டும் ஒருவரும் அவளைக் கூப்பிடவில்லை. ஊர் அவளை எந்த இடத்தில் நிறுத்தியது என்பது அந்த ஒரு முக்காட்டில் இருக்கிறது.

எல்லாம் முடிந்து, பேர்லை அழைத்துக்கொண்டு கடல் கடந்து போனவள், பல வருஷம் கழித்துத் தனியாக அதே குடிசைக்குத் திரும்பி வருகிறாள். எழுத்தை அணியச் சொல்ல இப்போது யாரும் இல்லை. அவளே எடுத்து அணிந்துகொள்கிறாள். மனம் உடைந்த பெண்கள் ஆறுதல் தேடி அவள் வாசலுக்கு வருகிறார்கள். ஒருநாள் அவள் ஒரு குழந்தைச் சட்டைக்குப் பூவேலை செய்வதைப் பார்க்கிறார்கள். அந்த ஊர்க் குழந்தை ஒன்று அதைப் போட்டிருந்தால் தெருவே கொந்தளித்திருக்கும், அத்தனை தங்க நூல்.